சித்தப்பாவின் கச்சேரியை நான் காப்பாற்றிய கதை

சித்தப்பாவின் முதல் கச்சேரி பதிவான ஒலிநாடா ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. அதன் இரண்டாம் பக்கத்தில் என் குரல் இருப்பதால், அதை என்னுடைய பேச்சின் பதிவு என்றே பல காலம் சொல்லிவந்தேன். கல்லூரிப் பட்டிமன்றத்துக்கு முன் என் பழைய முழக்கத்தை ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம் என்று போன வாரம் அதை எடுத்தேன். நாடா முதல் பக்கத்தில் இருந்தது. மாற்றச் சோம்பல்பட்டு அப்படியே கேட்டேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா ஏலாக்குறிச்சியில் தமிழாசிரியர். நடை பழகிய வயதிலேயே எனக்கு மேடையும் பழகிவிட்டது. பேசத் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் கைத்தட்டல் வராவிட்டால் அவை கையைவிட்டுப் போய்விட்டது என்று பொருள்; மூன்றாம் நிமிடம் எச்சரிக்கை மணி; ஐந்தாம் நிமிடம் இறுதி மணி; அதன் பிறகு பேசுபவர் எவராயினும் இறங்க வேண்டும். இவை அப்பா எனக்களித்த விதிகள். உலகம் முழுவதும் இவற்றின்படியே இயங்குகிறது என்பதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை.

சித்தப்பாவுக்கு இந்த விதிகள் எதுவும் பொருந்தவில்லை. ஐ.டி.ஐ. முடித்து வேலையின்றி இருந்த அவர், மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்துவந்தார். அரியலூர் பேண்ட் செட்டில் கிளாரினெட் ஊதும் ஒருவரையும் ஒரு தவில்காரரையும் சேர்த்துக்கொண்டு தனியாக ஒரு குழு தொடங்கினார். தெரிந்த பாட்டைத் தெரிந்தபடி வாசிப்பதில் அம்மூவருக்கும் அக்கறை இல்லை. ஒருவர் தொடங்குவார், மற்றவர் அதை வேறு பக்கம் இழுப்பார், மூன்றாமவர் அந்தப் பக்கமே நல்லது என்பார். பாட்டு எங்கே போய் முடியும் என்பது அவர்களுக்கே தெரியாது. அப்பா அதற்கு வைத்த பெயர் 'ஊர் சுத்துற பாட்டு'.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அப்பா முடிவாகச் சொன்னார்:

"பொங்கலுக்கு ஒரு புரோகிராம் புடிச்சுக் காட்டு. நான் வாயத் தொறக்கல. இல்லன்னா திருப்பூருக்குக் கெளம்பு."

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் உறவினர் ஒருவர் சித்தப்பாவுக்காக வேலை சொல்லி வைத்திருந்தார். சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார்.

வாய்ப்பு அரியலூரிலிருந்து வந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளைப் பழுதுபார்க்கும் ஷெட் ஒன்றில் ஆயுத பூஜைக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். லாரிக்காரர்களின் பொங்கல் விழாவுக்குக் கச்சேரி பேசுபவரும் அந்த ஷெட்டின் முதலாளிதான். ஆகவே அன்று அவரைக் கவர்ந்துவிட்டால் சித்தப்பா ஊரில் இருக்கலாம். ஆயுத பூஜையன்று எந்தப் பாடகரும் கிடைக்கமாட்டார். பாட ஆளில்லாத குறையைத் தீர்க்க, பேச ஆளாக என்னை அழைத்துப் போனார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சொல்லவேண்டியதை அப்பா அட்டைகளில் எழுதித் தந்திருந்தார்.

நாங்கள் போனபோது பூஜை முடிந்திருந்தது. ஆண்டு முழுதும் வெள்ளைப் புழுதியில் புரளும் லாரிகள் அன்று மட்டும் தம் சொந்த நிறத்தில் நின்றன, முகப்பில் வாழைக்கன்றுகள். வாசலில் உடைத்த பூசணிக்காய். மேசையில் ஸ்பானர்களும் ஜாக்கிகளும் சந்தனம் குங்குமத்தோடு படுத்திருந்தன; பக்கத்தில் கற்பூரத் தட்டும் மணியும். அந்த மேசையை ஒட்டித்தான் எனக்கு மைக் வைத்திருந்தார்கள். ஓட்டுநர்களும் கிளீனர்களும் தார்ப்பாயில் அமர்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள்.

முதல் இரண்டு பாட்டுகளுக்கும் நான் அறிமுகம் சொன்னேன், கைத்தட்டல் வந்தது. மூன்றாவதில் ஊர் சுற்றல் தொடங்கியது. கிளாரினெட் ஒரு வரியைக் கேள்விபோல் விட்டது. சித்தப்பா அதைச் சற்றே வளைத்துத் திருப்பிக் கொடுத்தார். தவில்காரர் வாசிப்பதையே நிறுத்திக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குச்சியைக் கீழே வைத்துவிட்டு, விரல்களால் மட்டும் மெல்ல உள்ளே வந்தார். அறிவித்த பாட்டு எப்போது காணாமல் போனது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த அட்டையோடு நான் நின்றேன். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்தாயிற்று, கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு கைத்தட்டல் இல்லை. பொரி தின்றவர்கள்கூடத் தின்பதை நிறுத்தியிருந்தார்கள். முதலாளி அலுவலக வாசலில் அசையாமல் நின்றிருந்தார்.

நாடாவில் இந்த இடத்தில் ஒரு லாரி எஞ்சின் உறுமுகிறது.

"டேய், ஆஃப் பண்ணுடா அத," என்கிறது ஒரு குரல்.

"என்ன பாட்டுண்ணே இது?"

"தெரியல. சும்மா கேளு."

அதற்குப் பிறகு மூன்று வாத்தியங்களைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இந்தப் பேச்சு அன்று என் காதிலும் விழுந்திருக்கவேண்டும். நான் எண்ணிக்கொண்டிருந்தது நிமிடங்களை.

சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் கண்களை மூடியிருந்தார். அவை கையைவிட்டுப் போவது தெரியாமல் ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய பொங்கல் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது. காப்பாற்ற நான் ஒருத்தி இருக்கிறேன். பூஜை மேசையிலிருந்த மணியை எடுத்தேன். போட்டிகளில் நடுவர் அடிப்பதைப்போல நீளமாக அடித்தேன்.

தார்ப்பாயில் இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள், கைகூப்பினார்கள். முதலாளி தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேசையை நோக்கி ஓடிவந்தார். தவில்காரரும் பாதி விரலடியில் கையை எடுத்துக் கும்பிட்டார். கிளாரினெட் கடைசியாக நின்றது.

"இப்பதானப்பா தீபாராதனை காமிச்சாங்க?"

"ஐயரு அப்பவே போயிட்டாரே."

"பின்ன யாருடா மணி அடிச்சது?"

"அந்தப் பாப்பாதாண்ணே."

ஷெட்டே சிரித்தது. சிரிக்கும் அவை வசப்பட்ட அவை என்பதும் அப்பாவின் விதிகளுள் ஒன்று. மைக்கைப் பிடித்தேன். உருளும் சக்கரங்களுக்கு இன்று ஓய்வு, உழைக்கும் கரங்களுக்கு என்று ஓய்வு என்று தொடங்கி, ஐந்து நிமிடம் பேசினேன். ஐந்துமுறை கை தட்டினார்கள். அதன் பிறகு சித்தப்பாவின் குழு எஞ்சிய பாட்டுகளை நான்கு நான்கு நிமிடமாக, பிசிறில்லாமல் வாசித்து முடித்தது.

கிளம்பும்போது முதலாளி வந்தார்.

"பாப்பா பேச்சு பிரமாதம் தம்பி. பொங்கலுக்குக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க."

"கச்சேரிங்க?" என்றார் சித்தப்பா.

"நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல ஒண்ணு வாசிச்சீங்க பாருங்க, அது என்னமோ... பாதியில நின்னுபோச்சு. மத்ததெல்லாம் எல்லாரும் வாசிக்கறதுதானே? பாட்டுக்குத் திருச்சி ஆளுவகிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன்."

"சரிங்க," என்று சொல்லிவிட்டு, சித்தப்பா கிட்டாரை உறைக்குள் வைத்தார்.

அந்தப் பொங்கலுக்கு நான் அரியலூர் மேடையில் பேசினேன். அதற்குள் சித்தப்பா திருப்பூர் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. கிட்டாரையும் எடுத்துக்கொண்டுதான் போனார். அங்கே வாசித்தாரா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஆயுத பூஜையன்று இருட்டுவதற்குள் ஏலாக்குறிச்சி பஸ் கிடைத்துவிட்டது. சித்தப்பா கிட்டாரை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். கீழப்பழுவூர் தாண்டியது. பிறகு கேட்டார்:

"பாப்பா, நீ மணி அடிக்கறதுக்கு முன்னாடி வாசிச்சோம்ல, அது எப்படி இருந்துச்சு? நான் கண்ண மூடிட்டேன்."

நடுவருக்குரிய நேர்மையோடு பதில் சொன்னேன்.

"நேரம் ரொம்ப அதிகம் சித்தப்பா. அதுக்கே மார்க் போயிடும். ஒருத்தர்கூட கை தட்டல."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்ல. பொரி தின்னவங்கள்லாம் நிறுத்திட்டாங்க. எல்லாரும் அப்படியே உக்காந்திருந்தாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான். அந்த மொதலாளிகூட ஆடல அசையல."

சித்தப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்பது கன்னத்தில் தெரிந்தது. திருமானூர் வரும்வரை அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. விரல்கள் உறையின்மேல் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தன. தோற்றுப்போனவர் எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் ஐந்து கைத்தட்டல்களைப் பற்றி அவர் எப்போது பேச்செடுப்பார் என்றுதான் காத்திருந்தேன்.