ராணி பிழைத்த கதை

காரைக்குடித் தியேட்டரில் படம் முடியும்போது ராணி பிரசவத்தில் இறந்துபோனாள். "கதையக் கெடுத்துட்டாய்ங்க. புத்தகத்துல ராணி பிழைச்சுக்குவா" என்று மனைவியிடம் சொன்னேன். நாலு புத்தகம் படித்தவனால் தியேட்டரில் சும்மா இருக்க முடியாது.

உண்மையில் அந்த நாவலை நான் படித்ததில்லை. சின்ன வயதில் அம்மா வாசிக்கக் கேட்டதுதான். ஒக்கூர் வீட்டு முற்றத்தில் பெண்கள் புளியில் கொட்டை எடுப்பார்கள். காற்றே புளிக்கும். அம்மா மட்டும் உரக்க வாசிப்பாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ராணிக்கு என்னாச்சு? சட்டுனு சொல்லு" என்றாள். அம்மா புத்தகத்திலிருந்து நிமிர்ந்து சித்தியின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு, "ஆம்பளப் புள்ள. தாயும் புள்ளயும் சொகமா இருக்காக" என்று வாசித்தாள்.

"அரமனைல நல்ல மருத்துவச்சியா வச்சிருப்பாகல்ல" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. சித்தி சிரித்துக்கொண்டே ஒரு புளியங்கொட்டையை என்மேல் எறிந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் என் கட்சியை நிரூபிக்க அம்மாவின் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கடைசி அத்தியாயத்தில் ராணி இறந்துதான் போகிறாள். படக்காரர்கள் எதையும் மாற்றவில்லை. மாற்றியது அம்மா.

"என்னங்க, யாரு சொன்னது சரி?" என்றாள் மனைவி.

"படந்தான்" என்றேன்.

சித்தி அந்த மாதமே பிரசவத்தில் போய்விட்டாள். அதன்பிறகு அம்மா யாருக்கும் கதை வாசிக்கவில்லை. கேட்டால் கண் தெரியவில்லை என்பாள். எங்கள் வீட்டில் கடைசிவரை ஊசியில் நூல் கோத்தவள் அவள்தான்.