மாரிசாமி கடை நம்பர்

ஜீவிதாவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அவள்மேல் இல்லை. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மைசூர் விஜயநகரில் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. மருத்துவமனைகளுக்கு வரும் போனை எடுத்துப் பேசும் ஏஐ ஏஜென்ட் செய்து கொடுக்கிறோம். பேசுவதெல்லாம் அதுவே பேசிவிடும். ஆனால் இடம் பதிய ஒரு கருவி, ரத்து செய்ய ஒரு கருவி என்று நாம்தான் அதன் கையில் கொடுக்க வேண்டும். எந்தக் கருவி எதற்கு, எப்போது தொடக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் நாலு வரி விளக்கம் எழுதிவைக்க வேண்டும். அந்த நாலு வரிக்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. எழுதுகிறவள் ஜீவிதா. பக்கத்து நாற்காலி செந்தில்நாதனுடையது, அதாவது என்னுடையது.

அவள் கர்நாடக எல்லையோரக் கோபிநத்தத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், கால் சென்டரில் இங்கிலீஷ் என்று முட்டி மோதி இந்த வேலைக்கு வந்தவள். வேலையில் பிசாசு. "இன்னிக்கு வேலைக்குச் சேந்த ஆளு இத மட்டும் படிச்சுட்டுச் சரியாச் செய்வானா? செய்யமாட்டான்னா வெளக்கம் தப்பு" என்பாள். முதலாளி பிரசாந்த் சுருக்கச் சொன்னால் அவரோடும் மல்லுக்கு நிற்பாள். ஒரு வரிக்காக அரை நாள் சண்டை போட்டிருக்கிறாள், எனக்கே எரிச்சலாக இருக்கும்.

அவளுடைய அப்பா லிங்கப்பனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் விடியும் முன்னால் பஸ் ஏறி மைசூருக்கு வந்து, டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்புவார். மகளோடு தங்கமாட்டார், ஊரில் ஆடு இருக்கிறது. அந்த டயாலிசிஸ் சென்டருக்கும் போன் எடுப்பது எங்கள் ஏஜென்ட்தான்.

அன்று வியாழக்கிழமை. சென்டரிலிருந்து லிங்கப்பன் யாருடைய போனிலோ கூப்பிட்டார். "கண்ணு, எம்பேரே இல்லீங்கறாங்க. நம்ம தெரு அஞ்சலை பேரும் இல்லியாமா. நாங்க உக்கார்ற சேரை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம்" என்றார். அவர் மூச்சு வாங்குவது எனக்கே கேட்டது.

ஜீவிதா கம்ப்யூட்டரில் தேடினாள். முந்தைய நாள் ஊரிலிருந்து மாரிசாமி என்கிற கடைக்காரர் பேசியிருக்கிறார். டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்த எங்கள் தெருப் பசம்மா இறந்துவிட்டாள், அவளுக்கு வைத்திருக்கும் இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று நல்ல மனதோடு சொல்லியிருக்கிறார். ஏஜென்ட் ரத்து செய்யும் கருவியை எடுத்திருக்கிறது. அதன் விளக்கத்தில் ஜீவிதா எழுதியிருந்தது இது: 'போன் எண்ணைக் கொடுத்தால் அந்த நோயாளியின் எல்லாப் பதிவுகளையும் ரத்து செய்யும்.'

கோபிநத்தம் காட்டோரம். அவர்கள் தெருவில் மாரிசாமி கடை வாசலில்தான் டவர் பிடிக்கும். கேஸ், ரேஷன், ஆஸ்பத்திரி என்று எதற்குக் கேட்டாலும் தெருவே அவர் நம்பரைத்தான் கொடுக்கும். செய்தி வந்தால் அவர் வீடு தேடிப் போய்ச் சொல்லுவார். பசம்மா, லிங்கப்பன், அஞ்சலை மூன்று பேருக்கும் அதே நம்பர். மூன்று பேர் பதிவும் ஒரே அடியில் போய்விட்டது. ரத்தான செய்தி மாரிசாமிக்கு வந்தபோது, பசம்மாவுக்குத்தான் என்று அவர் விட்டுவிட்டார்.

"எங்கப்பன் நம்பருன்னு அத நானே எத்தன தடவ எழுதிக் குடுத்திருக்கேன் செந்தில்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு நம்பருக்கு ஒரு ஆளுன்னு எந்தப் புத்தியில எழுதினேன்?"

ஆட்டோவில் பறந்தோம். லிங்கப்பன் முகம் வீங்கி பெஞ்சில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் அஞ்சலை, கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாத பெண், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் கௌரம்மா கையை விரித்தார். "நாளைக் காலைதானம்மா. ஸ்வல்ப, கொஞ்சம் பொறுங்க, யாராவது வரலேன்னா பாக்கறேன்."

அதற்குள் பிரசாந்த் போனில் கத்தினார். இன்னும் எத்தனை ஊரில் இப்படி ஒரே நம்பரோ, முதலில் அந்த விளக்கத்தை மாற்று என்றார். எனக்கு அவரை அறையலாம்போல் இருந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம்தான். ஜீவிதா படிக்கட்டில் உட்கார்ந்து, அழுதுகொண்டே லேப்டாப்பில் எழுதினாள். 'ஒரே எண்ணைப் பல நோயாளிகள் கொடுத்திருக்கலாம். எண்ணை மட்டும் வைத்துப் பதியவோ ரத்து செய்யவோ கூடாது. அந்த எண்ணில் உள்ள எல்லாப் பெயரையும் காட்டி, யாருக்கு என்று கேள். பதில் வரும்வரை எதையும் தொடாதே.'

மத்தியானம் ஒரு நோயாளி வரவில்லை. கௌரம்மா ஓடிவந்தார். "ஒரு சேர் காலி. ஒண்ணுதான். டாக்டர்கிட்ட போன்ல கேட்டேன், ரெண்டு பேரும் ஒரே நெலமைதாங்கறார். உங்க ஊர்க்காரங்க, நீங்களே சொல்லுங்க" என்று எங்கள் ஏஜென்ட் ஓடும் டேப்லெட்டை ஜீவிதா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜீவிதா நம்பரைப் போட்டாள். பசம்மா பெயரைச் சென்டரில் அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். இந்தத் தடவை அவள் எழுதியதை ஏஜென்ட் அப்படியே கேட்டது. 'இந்த எண்ணில் லிங்கப்பன், அஞ்சலை என இருவர் இருக்கிறார்கள். யாருக்குப் பதிய வேண்டும்?'

அவள் அப்பாவைப் பார்த்தாள். அஞ்சலையைப் பார்க்கவில்லை. "ஐயோ" என்றாள், சத்தமே இல்லாமல். பிறகு விரலை வைத்தாள். லிங்கப்பனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

டயாலிசிஸுக்கு இடம் கிடைக்குமா என்று பார்க்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு அஞ்சலையை நான் ஆட்டோவில் கூட்டிப்போனேன். ஜீவிதாவைத் தப்பா எடுத்துக்காதம்மா என்று ஏதோ உளறினேன்.

"நானா இருந்தாலும் எங்கப்பன் பேரத்தாங்கண்ணா சொல்லியிருப்பேன்" என்றாள் அஞ்சலை. "அதுக்கில்லீங்க. மூச்சு முட்டுது. கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லுங்க."