மண்ணில் சேராத மிச்சம்

வெட்டிய நகத்தைப் புதைக்க இந்த ஜெர்மானிய நகரத்தில் எனக்கென்று ஒரு பிடி மண் கிடையாது. நான்காம் மாடியில் குடியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை காலையில் நகம் வெட்டி, பால்கனியில் உள்ள பூந்தொட்டியில் சிறு குழி பறித்து மூடுவது என் வழக்கம். உடம்பிலிருந்து பிரிந்தது எதுவானாலும் மண்ணில் சேர வேண்டும் என்று சொல்லித்தான் கூத்தாநல்லூரில் எங்களை வளர்த்தார்கள். பக்கத்து வீட்டு மூதாட்டி இதைக் கவனித்திருக்கிறார். நான் தோண்டித் தோண்டி மூடியும் ஒன்றும் முளைக்கவில்லையே என்று இரங்கி, ஒருநாள் பூவிதைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். 'டாங்கே' என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். விளக்கிச் சொல்ல என்னிடம் மொழியில்லை. இந்த ஊரில் எனக்குக் கிடைக்கும் அன்பெல்லாம் இப்படி வேறு யாருக்கோ வந்தது போலத்தான் வந்து சேர்கிறது.

நகம் சேர்ந்த மண்ணில் என் மனைவி ஜைனம்புவின் தலையிலிருந்து எடுத்த கட்டி சேரவில்லை. மகன் யூசுப்புடன் வாழ நாங்கள் இங்கு வந்த மறு ஆண்டில் அவளுக்குச் சொற்கள் தடுமாறத் தொடங்கின. உப்பைக் கேட்க நினைத்துக் குடையைக் கேட்பாள். பிறகு தானே சிரிப்பாள். மூளைக் கட்டிகளில் மிகக் கொடிய வகை என்று மருத்துவர்கள் கூறினர். எடுக்கும் சதையில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்குத் தர இயலுமா என்றும் கேட்டனர். நான் கூடாதென்றேன். ஆயுள் முழுதும் அரிசிக் கடை நடத்திய என்னை, அந்தக் கடையை வைத்தே அவள் மடக்கினாள்.

"நொய்யக்கூட குப்பையில போட மனசு வராது உங்களுக்கு. இத மட்டும் ஏங்க வீணாக்கணும்? யாருக்காச்சும் உதவட்டும்."

கையொப்பத்தை அவளே இட்டாள். அறுத்தார்கள், கதிர் பாய்ச்சினார்கள், மருந்து கொடுத்தார்கள். கட்டி மீண்டும் வளர்ந்தது. அவள் விரும்பியபடியே ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். மையித்தைக் குளிப்பாட்டிய பெண்கள் மண்டையில் இருந்த தையலை வெளியே வந்து சொல்லியிருக்கிறார்கள். மூன்று பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, அவளுடைய அண்ணன் என் தோளருகே வந்து கேட்டார்.

"தங்கச்சிய முழுசாத்தான் கொண்டாந்தீங்களா மச்சான்?"

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு இங்கே திரும்பினேன். எடுத்ததைக் கேட்டு வாங்கி, அவளை அடக்கிய கபருக்குள்ளேயே சேர்த்துவிடுவது என்ற முடிவோடு, யூசுப்பை அழைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். ஆய்வாளரான இளம்பெண், நான் ஆறுதல் தேடி வந்ததாக எண்ணிக்கொண்டு, படங்களை விரித்து விளக்கலானார்; யூசுப் மொழிபெயர்த்தான். உடம்பின் உயிரணுக்கள் எல்லாவற்றிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தானாம். எது திறந்திருப்பது, எது அடைபட்டிருப்பது என்ற கட்டுப்பாடே ஒன்றை மூளையாகவும் மற்றொன்றைத் தோலாகவும் ஆக்குகிறதாம். கட்டிக்குள் சில உயிரணுக்கள், கருவில் இருந்த காலத்தைப் போல, அடைபட வேண்டியதைத் திறந்துகொள்கின்றன. மருந்து மற்றவற்றைக் கொல்லும்போது இவை ஒடுங்கிக் கிடந்து, பிறகு எழுந்து கட்டியை மறுபடி உண்டாக்குகின்றன. ஒரே காவிரித் தண்ணீர் மதகு திறப்பதைப் பொறுத்து ஒரு வயலை விளையவைப்பதையும் இன்னொன்றை அழுகவைப்பதையும் கண்டவன் நான், எனக்கு விளங்கியது. மேலே கோரையை அறுத்துக் கிழங்கை உள்ளேயே விட்டுவிட்ட வயலாக இருந்திருக்கிறது அவள் தலை. இந்த மதகுகளைத் திறப்பது எது என்று தங்களுக்கும் முழுதாகத் தெரியாது என்றார் அந்தப் பெண். அந்த நேர்மை எனக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

பிறகு ஓர் அலமாரியைத் திறந்து காட்டினார். இளஞ்சிவப்பு நீரில் அவளுடைய கட்டியின் உயிரணுக்கள் வளர்ந்துகொண்டிருந்தன. வெளியே பனி பெய்துகொண்டிருக்க, உள்ளே முப்பத்தேழு டிகிரி. அது உயிரோடிருந்த ஜைனம்புவின் உடம்புச் சூடு. அவள் மண்ணுக்குள் குளிர்ந்து கிடக்கிறாள். அவளைக் கொன்றதை அவள் சூட்டிலேயே வைத்து இங்கே ஊட்டி வளர்க்கிறார்கள்.

அதைத் தந்துவிடும்படி கேட்டேன். யூசுப் சொன்னதைக் கேட்டு அந்தப் பெண்ணின் முகம் மாறியது. கையில் கொடுக்கச் சட்டம் இடந்தராது. சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் அழித்துவிடுவோம் என்றார். எப்படி அழிப்பார்கள் என்று கேட்டேன். யூசுப் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எரிச்சிடுவாங்களாம் வாப்பா."

அவள் உடம்பில் இருந்ததை நெருப்பில் போடும்படி எப்படிச் சொல்வேன்? அவளைக் கொன்றதை வளர்க்கும்படியும் எப்படிச் சொல்வேன்? "இருக்கட்டும்" என்றேன். என் பெருந்தன்மைக்கு நன்றி சொல்லி, அந்தப் பெண் இரு கைகளாலும் என் கையைப் பற்றிக்கொண்டார்.

ஊருக்குப் போனால் அவள் அடங்கியிருக்கும் மையவாடி வாசலில் நின்று அவளுக்கு ஸலாம் சொல்கிறேன். பாதிக்குச் சொல்வது போல இருக்கிறது. இங்கே கடைத்தெருவுக்குப் போகும் டிராம் அந்த ஆய்வுக்கூடத்தைத் தாண்டித்தான் போகிறது. ஒவ்வொரு முறையும் ஸலாம் நாவின் நுனி வரை வருகிறது. உள்ளே உயிரோடிருப்பது அவளா, அவளைக் கொன்றதா என்று எண்ணுவதற்குள் டிராம் கடந்துவிடுகிறது. சொல்லாத ஸலாமை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.