குழம்பு போகும் வழி

செவ்வாய்க்கிழமை காலை குசினியில் உட்கார்ந்து கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே படியில் இறங்கி வந்த மருமகள் ஜெனிட்டா சன்னல் அருகில் நின்றாள். முந்தின நாள் கிண்ணத்தைத் திருப்பித் தர நீளும் கை அன்று வெறுமையாக இருந்தது.

"மாமா, இசக்கிமுத்து அண்ணாச்சி தூக்கத்துலயே போயிட்டாவளாம். இப்பந்தான் போன் வந்துச்சு."

அவர் வைத்துக் கொடுத்த சன்னல் வழியாகவே அவர் போன செய்தியும் வந்தது.

அவர் பிளான் போட்ட வீடுகளில் குடியிருக்கும் உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காதில் செருகிய பென்சில், ஸ்கூட்டர் பெட்டியில் டேப்பு, சாத்தான்குளத்துச் சத்தமான பேச்சு. நான் திரேஸ்புரத்து மிக்கேல், நாற்பது வருடம் சங்கு குளித்தவன். எழுதப் படிக்கக் கற்றது போன வருடம்தான், மாதா கோயில் மாலை வகுப்பில். ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகிறது. இருந்தாலும் அவருக்கான இந்த அஞ்சலியை நானேதான் எழுத வேண்டும்.

எட்டு வருடத்துக்கு முன்னால் என் மனைவி மரியம்மாவும் ஜெனிட்டாவும் ஒரே குசினியில் சமைத்தார்கள். ஒருத்தி உப்புப் போட்டதை மற்றவள் நம்ப மாட்டாள். அதனால் எங்கள் குழம்பில் எப்போதும் இரண்டு உப்பு. கடைசியில் ஜெனிட்டா புதுக்கோட்டையில் வாடகை வீடு பார்த்துவிட்டாள். மகன் கென்னடி என்னிடம் வந்து, "மாடி கட்டித் தந்தா இருக்கோம்ப்பா. இல்லன்னா பெருநாள் முடிஞ்சதும் போறோம்" என்றான். பேரப்பிள்ளைகள் சத்தம் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். அன்றே அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன்.

மாடி எல்லோருக்கும் சம்மதம். சண்டை படிக்கட்டில் வந்தது. படி வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றேன் நான். தெருப் பக்கம் தனி கேட்டோடு இருக்க வேண்டும் என்றாள் ஜெனிட்டா. இல்லையென்றால் புதுக்கோட்டை.

அண்ணாச்சி ஒரு தாளை விரித்து, "இது எப்படி வே இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாருக்கு அண்ணாச்சி."

இன்னொரு தாளை விரித்தார். "இது?"

"இது அதவிட நல்லாருக்கு."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். இரண்டையும் மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஒரு மூட்டைச் சுண்ணாம்புப் பொடியோடு வந்தார். வீட்டுக்கு எதிரே வலை காயப்போடும் வெளியில் எங்கள் வீட்டை நிஜ அளவில் கோடு போட்டார். கீழ்வீடு இந்தப் பக்கம், மாடி அந்தப் பக்கம். "வள்ளத்துல இருந்து கடலடிய எட்டிப் பாப்பீருலா, அது மாதிரி பாரும்" என்றார். பார்த்தேன். குசினி, முன்னறை, கட்டில் போடும் இடம் எல்லாம் அப்படியே தெரிந்தன.

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "மிக்கேல் அண்ணாச்சி, கூரையக் காத்து கொண்டுட்டுப் போயிட்டோ?"

இசக்கிமுத்து அண்ணாச்சி காது கொடுக்கவில்லை. மரியம்மாவிடம், "மதினி, ஒரு சட்டி குழம்ப மருமவகிட்ட கொண்டுபோயிக் குடுங்க. மொதல்ல உங்க வீட்டுக்காரர் சொன்ன படி வழியா" என்றார். அவள் நிஜச் சட்டியோடு நடந்தாள். அந்தப் படி ஏறி முடிந்த இடம் ஜெனிட்டாவின் படுக்கையறை. "மாமி, நான் துணி மாத்திக்கிட்டு இருக்கேன்" என்றாள் ஜெனிட்டா, கோட்டுக்குள் நின்றபடி. மரியம்மா வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டாள்.

பிறகு ஜெனிட்டா கேட்ட படி. குசினியை விட்டு இறங்கி, முன்வாசல் தாண்டி, தெருவைச் சுற்றி, கேட்டைத் திறந்து போக வேண்டும். பாதி வழியில் மரியம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள். "குழம்பு ஆறிப்போச்சு. வேணும்னா வந்து குடிச்சிட்டுப் போவச் சொல்லுங்க." ஜெனிட்டா சிரித்துவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அண்ணாச்சி இரண்டு படிகளையும் காலால் அழித்தார். "ஆளு சுத்திப் போவட்டும். குழம்பு நேராப் போவணும்" என்றார். வெளியே, குசினிச் சுவரை ஒட்டிப் புதிதாகப் படிக்கோடு போட்டார். மூன்றாம் படிக்கு நேராகக் குசினியில் ஒரு சன்னல். அதில் சட்டி நுழையும் அளவுக்குக் கம்பி இல்லாமல் ஒரு சின்னக் கதவு. ஜெனிட்டா அந்தக் கோட்டில் மூன்று முறை நடந்து பார்த்தாள். "தனி கேட்டும் உண்டுல்லா?" என்று கேட்டாள். "உண்டும்மா" என்றார். புதுக்கோட்டைப் பேச்சு அதோடு நின்றது.

போன வருடம் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும், பெட்டியிலிருந்து அந்தப் பிளானை எடுத்துப் படித்தேன். வரவேற்பறை, படுக்கையறை என்று ஒவ்வொன்றாக வந்தது. சன்னல் இருந்த இடத்தில் 'சன்னல்' என்று இல்லை. 'குழம்பு போகும் வழி. அடைக்கக் கூடாது' என்று இருந்தது. மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு, தாளைச் சுருட்டிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

"அண்ணாச்சி, இத நானே வாசிச்சேன்."

"உமக்காவா எழுதுனேன்? கொத்தனாரு அடைச்சிரப்பிடாதுன்னுலா எழுதுனேன்" என்று சொல்லி இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு, "அன்னைக்கு ரெண்டாவது காட்டுன தாளு என்னன்னு தெரியுமா? ஒருத்தருக்குப் போட்ட கோழிப்பண்ண. அதத்தான் வீட்டவிட நல்லாருக்குன்னு சொன்னீரு" என்றார்.

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"வாசிக்கத் தெரியாத ஆள அத வச்சிக் கேலி பண்ணப்பிடாது வே. இப்பம் பண்ணலாம்லா."

அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம், "கோழிக எல்லாம் சௌக்கியமா?" என்றுதான் கேட்பார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும். படித்தவனுக்குக் கிடைக்கிற கேலி அல்லவா அது.

அந்தத் தாளும் அந்தக் கேலியும் என்னிடம் இருக்கின்றன. சன்னல் எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் அதன் வழியாக ஜெனிட்டாவிடம் நீட்டுவேன். பிழை பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அடுப்பில் மரியம்மாவின் சாளை மீன் குழம்பு கொதிக்கிறது. தாளும் கிண்ணமும் சேர்ந்தே போகும்.