ஆரத்தி எடுத்து வரவேற்ற அமெரிக்கா

அமெரிக்காவை எங்களுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர்தான். மலாய் நாட்டில் செலண்டார் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில், மாரியம்மன் கோயில் திருவிழா மேடையில், பெட்ரோல் தகரங்களால் செய்த கப்பலிலிருந்து அவர் இறங்கினார். கடலில் சென்றவர் மாதிரி இல்லை. லாரியிலிருந்து இறங்குகிற மாதிரியே ஒரு காலை முன்னால் விட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எஸ்டேட் லாரி ஓட்டுகிறவர் வேறு எப்படி இறங்குவார்?

அது தொண்ணூற்றிரண்டு. பத்திரிகையைத் திறந்தால் அந்தக் கப்பல் தலைவன் கதைதான். இந்தியாவுக்குப் போகிறேன் என்று கிளம்பி, அமெரிக்காவில் போய் இறங்கி, அதுதான் இந்தியா என்று அடம்பிடித்த மனிதன். அவன் இறங்கி ஐந்நூறு வருஷம் ஆகிவிட்டதாம். எங்கள் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு, இந்த வருஷம் சாமி கதை வேண்டாம், சரித்திர நாடகம் போடுவோம் என்றார். வழி தவறிய ஒருவனுக்கு விழா எடுக்கிறார்களே, எங்கள் ஊர் பஸ் டிரைவருக்கெல்லாம் எத்தனை விழா எடுக்க வேண்டும் என்று நான் கேட்டேன். எல்லாரும் கப்பலுக்குத் தகரம் தேடப் போய்விட்டார்கள். நான் கேட்டால் யாருமே பதில் சொல்வதில்லை, அது வேறு கதை.

அந்தச் சமயத்தில் எங்கள் மனசெல்லாம் வீட்டில்தான் இருந்தது. எஸ்டேட்டை விற்கப்போகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. நாங்கள் குடியிருந்ததோ கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீடு. விற்றாலும் கவலைப்படாதீர்கள், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்து நிலத்தை ரொப்பி, குடும்பத்துக்கு ஒரு மனை தரச் சொல்கிறேன் என்று மேனேஜர் வாயால் சொல்லியிருந்தார். மெர்லிமாவ் பக்கம் அரசாங்க மலிவு வீட்டுக்கு மனுப் போடச் சொல்லி ஓர் ஆள் வந்தபோது, கோயில் தலைவர் அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்.

“தொர வாக்குக் குடுத்திருக்காரு. இப்பப் போயி வேற எடத்துல மனு போட்டா அவரு மூஞ்சில எப்படி முழிக்கிறது?” என்றார்.

“எழுதிக் குடுத்தாராண்ணே?” என்று கேட்டேன்.

“நீ சும்மா இரும்மா” என்றார் அவர். “நீ சும்மா இரு லா” என்றார் என் வீட்டுக்காரரும். லயத்தில் ஒரு குடும்பமும் மனுப் போடவில்லை. நாடகத்துக்குத் தலைமை விருந்தினர் அந்த மேனேஜர்தான். இப்போது புரிந்திருக்கும், ஒத்திகை ஏன் அத்தனை மும்முரமாக நடந்தது என்று.

தலைமையாசிரியர் எழுதிய நாடகத்தில் கப்பல் தலைவன் கரையில் இறங்கி, கொடியை நட்டு, “இன்று முதல் இந்த நிலம் எங்கள் மகாராணிக்குச் சொந்தம்” என்பான். அந்த ஊர்ச் சனங்கள் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவ்வளவுதான் காட்சி. ஆனால் சனங்களின் தலைவனாக நடித்தவர் கோயில் தலைவர். தலையில் கோழி இறகு செருகியதும் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“வூட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு கூடச் சொல்லாம மரமாட்டம் நிக்கிறதா? நம்ம மானம் என்னாவறது, சார்?”

“இது நாம இல்லீங்க, அவங்க” என்று தலைமையாசிரியர் கெஞ்சினார்.

“யாரா இருந்தா என்னா? மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

முறைதான் ஜெயித்தது. மாலை வந்தது, பன்னீர்ச் செம்பு வந்தது, சந்தனக் கிண்ணம் வந்தது. ஆரத்தி எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். கல்யாணத்தன்று எடுத்ததோடு சரி, அதன்பிறகு என் வீட்டுக்காரருக்கு யாரும் ஆரத்தி எடுத்ததில்லை. காவற்காரரின் கோட்டும் பொம்பளைத் தொப்பியும் ஒட்டுமீசையுமாக அவர் நிற்க, நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மஞ்சள் நீரைச் சுற்றினேன். தாம்பாளத்தில் காணிக்கையாகப் பப்பாளி, மரவள்ளிக்கிழங்கு, காய்ந்த மிளகாய். இவையெல்லாம் அந்தக் கண்டத்திலிருந்து வந்தவை என்று தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் விளக்கினார். ரப்பர் மரமும் அங்கிருந்து வந்ததுதானாம். ரப்பர் வந்ததால் வெள்ளைக்காரன் வந்தான், அவன் வந்ததால் என் பாட்டன் கப்பலேறினான். ஆக, எவனோ வழி தவறியதற்கு நான் செலண்டாரில் பிறந்திருக்கிறேன். நல்லா இருக்கு போ!

வீட்டுக்காரர் கழுத்தில் மாலையோடு கொடியை நட்டார். நிலத்துக்குச் சொந்தம் கொண்டாடினார். எங்கள் சனம் எழுந்து நின்று கை தட்டியது. முன்வரிசையிலிருந்த மேனேஜர் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். பிறகு மேடையேறி, “பாகுஸ், பாகுஸ்” என்று பாராட்டி, அடுத்த மாதம் நிலம் அளக்க ஆள் வருவார்கள், அவர்களையும் இப்படியே நல்லபடியாகக் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். மனை அளக்கத்தான் வருகிறார்கள்! எனக்கே கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன்.

சொன்னபடி வேனில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். கோயில் தலைவர் நிஜமாகவே மாலையோடு போய் நின்றார். மறுபடியும் நான்தான் ஆரத்தி. கம்பெனி ஆள் ஒருவர் படம் பிடித்தார். எங்கள் பிள்ளைகள் அவர்களுக்காகப் புதர் வெட்டிக் கொடுத்தார்கள். பெண்கள் முறைவைத்து டீயும் வடையும் கொண்டுபோனோம். முக்காலியில் கருவியை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சிகளை அடித்துக்கொண்டே போனார்கள். குச்சிகளைச் சுமந்ததும் எங்கள் ஆட்கள்தான்.

ஒருநாள் ஒரு குச்சி என் அடுப்படிச் சுவருக்குப் பக்கத்தில் அடிக்கப்பட்டது. அளக்க வந்தவர்களில் மூத்தவர் ஒரு மலாய்க்காரர், சாதுவான மனிதர். டீயைக் கொடுத்துவிட்டு, எங்கள் புது வீடுகள் எந்தப் பக்கம் வருகின்றன என்று மலாயில் கேட்டேன்.

“ருமா தாக் அடா, காக்” என்றார். வீடு எதுவும் இல்லை, அக்கா. இங்கிருந்து அந்தக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம்வரை கோல்ஃப் திடல் வருகிறது என்று கையை நீட்டிக் காட்டினார். எங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தாராம். அத்தனை உபசாரம் செய்தோமே! பாவம், பாதி வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

ஆபீசுக்குப் போய் நின்றோம். மேனேஜர் கோபப்படவில்லை, நாற்காலி போடச் சொன்னார். தான் சொல்லிப் பார்த்ததாகவும் வாங்கிய கம்பெனி கேட்கவில்லை என்றும் சொன்னார். கோயில் தலைவர், “நாங்க ஒத்துக்கலீங்களே தொர” என்றார். மேனேஜர் சுவரைக் காட்டினார். கண்ணாடி போட்ட படத்தில் மாலை, சந்தனம், ஆரத்தித் தட்டோடு பல்லெல்லாம் தெரிய நான்.

“எல்லாரும் எவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க பாருங்க” என்றார்.

மலிவு வீட்டுக்கு மனு வாங்குவது அதற்குள் முடிந்துபோயிருந்தது.

கொஞ்சம் நஷ்டஈட்டோடு மெர்லிமாவில் ஒரு கடைக்கு மேல் வாடகைக்குக் குடிபோனோம். எஸ்டேட் வேலை நின்றது. லயத்தை இடிக்க எடுத்த கண்ட்ராக்டருக்கு லாரி ஓட்ட ஆள் தேவைப்பட்டது. அந்தச் செம்மண் பாதைகளை என் வீட்டுக்காரரைவிட அறிந்தவர் யார்? அவரும் போனார். போகாதீங்க என்று சொல்ல எங்கள் நிலைமை இடம் கொடுக்கவில்லை.

முதல் நாள் வேலை முடித்து வந்தவர் கைகூடக் கழுவாமல் தரையில் உட்கார்ந்தார்.

“நம்ம வூட்டையும் இடிச்சிட்டாங்களா?” என்றேன்.

“மொதல்ல அதத்தான் ஏத்துனாங்க.”

“எங்க கொண்டுபோய்க் கொட்டுனீங்க?”

அவர் கையில் ஒட்டியிருந்த செம்மண்ணைச் சுரண்டினார்.

“கோயிலுக்குப் பின்னால. அந்தப் பள்ளத்த ரொப்பறாங்க.”