மைக்கில் பேசியதும் போனில் வருந்தியதும்

ஒரு தடவை பேரூராட்சி கவுன்சிலராக இருந்தேன். தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு, என் கணவரோ கட்சியில் பழைய ஆள், அதனால் சீட்டு எனக்கு வந்தது. அதில் பெருமை பேச ஒன்றுமில்லை. ஆனால் ஜெயித்த பிறகு வேலையை நான்தான் பார்த்தேன். தண்ணீர் வராத தெருவில் போய் நின்று ஏச்சு வாங்கியதும் நான்தான்.

பக்கத்து வார்டில் ஜெயித்தவள் எதிர்க்கட்சிக்காரி. என்னைவிடச் சின்னவள், "யக்கா" என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு வார்டுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. கூட்டத்தில் எதிரெதிராக உட்கார்ந்து கத்திக்கொள்வோம். மறுநாள் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்க ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் தேனிக்குப் போவோம்.

சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய சமயம் அவள் கட்சியின் பொதுக்கூட்டம் எங்கள் தெரு முக்கில் நடந்தது. வெளியூரிலிருந்து பேர்பெற்ற பேச்சாளர் ஒருவர் வந்திருந்தார். குழாய் ஸ்பீக்கர் ஒன்றை எங்கள் வீட்டைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். விலைவாசியில் ஆரம்பித்தவர் எங்கள் கட்சிக்கு வந்தார்.

"அந்தக் கட்சியில பொம்பளைகளுக்கு எப்படிச் சீட்டு குடுக்குறாகன்னு உங்களுக்குத் தெரியாதா? பகல்ல மனு வாங்குவாக. ராத்திரியில நேர்காணல் வைப்பாக!"

சிரிப்பு எழுந்தது. அது அடங்கும் முன்னே, "இந்த ஊர்லயும் அப்படி வாங்கிட்டு வந்தவுக இருப்பாகள்ல?" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு.

அந்தப் பேச்சைக்கூட மறந்துவிடலாம். அந்தச் சிரிப்பில் எனக்குத் தெரிந்த குரல்கள் இருந்தன. குழாய் உடைந்தது, தெருவிளக்கு எரியவில்லை என்று என் வாசலில் வந்து நின்றவர்களின் குரல்கள். முன்கட்டில் உட்கார்ந்திருந்த என் கணவர் எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னலையும் சாத்தினார். புழுக்கத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

அவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். தோட்டங்களில் புகைந்துபோகும் பம்புசெட் மோட்டார்கள் எல்லாம் அவரிடம்தான் வரும். மறுநாள் மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, கரண்டு இல்லை என்றார். எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சரிசெய்யக் கொடுத்த மோட்டாரை வாங்க வந்த ஒருவன், "அண்ணே, நேர்காணல் எங்கன வச்சு நடந்துச்சு?" என்று கேட்டானாம். வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் டீக்கடைப் பெஞ்சில் உட்காருவதை விட்டுவிட்டார்.

எங்கள் கட்சியின் பேரூர்ச் செயலாளர் வீட்டுக்கே வந்தார்.

"விடக் கூடாதும்மா. அந்தாள மன்னிப்புக் கேக்க வைக்காம ஓயக் கூடாது."

பஸ் ஸ்டாண்டு அருகே ஆர்ப்பாட்டம் நடந்தது. என்னை முன்வரிசையில் நிறுத்தினார்கள். அந்தப் பேச்சாளரின் உருவ பொம்மையை விளக்குமாற்றால் அடித்தார்கள், பிறகு எரித்தார்கள். எனக்காக இத்தனை பேர் வந்திருக்கிறார்களே என்று உள்ளபடியே நெகிழ்ந்துபோனேன். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்து முடித்ததும் பாதிக் கூட்டம் கலைந்துவிட்டது. செயலாளர் பக்கத்தில் இருந்தவரிடம், "தாய்மாருக ஓட்டு அம்புட்டும் இனி நமக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

சில நாள் கழித்துப் போனில் ஒரு வீடியோ வந்தது. அந்தப் பேச்சாளர் வெள்ளைச் சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்து, "எனது பேச்சு யாருடைய மனதையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்" என்று வாசித்தார். புண்படுத்தியிருந்தால் என்றால், புண்படவில்லை என்றும் ஒரு வழி இருக்கிறது போல. செயலாளர் போன் செய்து, "ஜெயிச்சுட்டோம்மா" என்றார்.

என் கணவர் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அன்னைக்கு முக்குல நின்னு சிரிச்சவுக எல்லாரும் இதப் பாப்பாகளா?"

அவர் கேட்டது சரிதான். அரசியல்வாதிகள் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று டிவியில் விவாதம் நடத்துகிறார்கள். கேட்கத்தான் வேண்டும். எந்த முக்கில் பேசினாரோ அங்கேயே வந்து, அதே மைக்கில், அந்தச் சிரித்த ஆட்களுக்கு முன்னால் கேட்க வேண்டும். இதைச் செயலாளரிடம் சொன்னேன். "நடக்குற காரியமாம்மா?" என்று சிரித்தார். அப்படி ஒரு வழக்கம் வந்தால் எங்கள் ஆட்களும் எத்தனையோ முக்குகளில் போய் நிற்க வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் பொதுக்கூட்டத்தில் என் பக்கத்து வார்டுத் தோழியும் மேடையில் உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு மன்றக் கூட்டங்களில் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். ஒருநாள் தொட்டிக்கருகே எதிர்ப்பட்டபோது, "யக்கா, அந்தாளு பேசையில நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்" என்றாள்.

"நான் பாக்கல. கதவச் சாத்தியிருந்தோம்" என்றேன்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் தேனிக்குப் போனால் அவள் முன்னால் ஏறுவாள், நான் பின்னால் ஏறுவேன்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்குள் அந்தப் பேச்சாளர் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டார். தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இணைப்பு விழா. "நீங்கதான் சால்வை போடணும். பழசெல்லாம் முடிஞ்சு போச்சுன்னு ஊருக்குத் தெரியணும்ல" என்றார் செயலாளர். போனேன். போவதை வீட்டில் சொல்லவில்லை.

மேடைக்குப் பின்னால் அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் இன்னார், இன்ன ஊர் என்று சொன்னேன். டம்ளரைச் சட்டென்று வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

"அடடா, அது நீங்கதானாம்மா? மனசுல வச்சுக்கிராதீக. மேடைன்னா நாலு பேரு கை தட்ட வேணாமா? அதுக்குத்தான் அப்பவே மன்னிப்புக் கேட்டுட்டேனே."

"என்கிட்டக் கேக்கலண்ணே."

"இந்தா, இப்பக் கேக்குறேன். மன்னிச்சுருங்க தாயி."

சொல்லிவிட்டு, படம் எடுக்க நின்றவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஒரு சொல்லை எத்தனையோ நாள் எதிர்பார்த்திருக்கிறேன். வந்தபோது அதற்கு எடையே இல்லை. கோபம்கூட வரவில்லை, கால்தான் வலித்தது. சால்வையைப் பக்கத்தில் நின்ற மகளிரணிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு எனக்குச் சீட்டு தரவில்லை. நானும் கேட்கவில்லை.

என் தோழி மறுபடி நின்றாள். எங்கள் கட்சிக்காக அந்தப் பேச்சாளர் அவள் தெருவுக்கே வந்து பேசினார். அவளுடைய கட்சிப் பெண்களைப் பற்றி, ஏறக்குறைய அதே வார்த்தைகளில். உடம்பு சரியில்லை என்று நான் கூட்டத்துக்குப் போகவில்லை. ஆனாலும் சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது.

காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் கொஞ்ச நேரம் வழிவிடாமலே நின்றாள். பிறகு, "உள்ள வாக்கா" என்றாள்.

"எங்காளு பேசுனது தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"போன தடவ அவரு எங்காளுதானக்கா" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, நிலைக்கவில்லை. "அன்னைக்கே நான் உன் வீட்டுக்கு வந்துருக்கணும்க்கா. கட்சியில என்ன சொல்வாகளோன்னு பயந்துட்டேன்."

காபி போட்டுக் கொண்டுவந்தாள். உள் அறையில் டிவிச் சத்தம் திடீரென்று கூடியது. அவள் கணவர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தது. முன்பெல்லாம் நான் வந்தால், "வாங்கக்கா" என்று வெளியே வந்து இரண்டு வார்த்தை பேசக்கூடிய மனுஷன்.

"நேத்துலருந்து இப்படித்தான் இருக்காக. சாப்பிடவும் இல்ல" என்றாள். பிறகு மெதுவாக, "உங்க வீட்டுல அண்ணனுக்குச் சரியாக எம்புட்டு நாளாச்சுக்கா?" என்று கேட்டாள்.

இன்னும் ஆகவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் ஆகும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தேன்.