குதிகாலைத் தூக்கினால் கணக்கில் சேராது

ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நடந்தால் மற்றவர்களுக்கு விரல்கள், முன்பாதம், குதிகால் என்று நடுவில் குழிவு விட்டுத் தடம் விழும். என் தாய்மாமாவுக்குத் தோசைத் திருப்பியை வைத்து எடுத்ததுபோல் முழுசாக விழும். ஜவ்வாது மலையில் அந்தக் கால் இறங்காத சரிவு கிடையாது. புளி மூட்டையைச் சுமந்துகொண்டு இறங்கும்போதுகூட அது ஒரு நாளும் பிசகியதில்லை. ஆனாலும் ராணுவத்துக்கு அது லாயக்கில்லை என்று ஒரு நாள் தெரியவந்தது.

சொன்னவர் மாமாவின் சிநேகிதர். வேலூரில் ஆளெடுப்புக்குப் போய் வந்தவர் என்பதால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. “ஓட்டத்துல நீ பாஸ் பண்ணிடுவடா. ஆனா இந்தக் காலப் பாத்தா அங்கியே தள்ளிடுவாங்க. தட்டைப் பாதம்னா எடுக்க மாட்டாங்க” என்றார். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. பட்டாளத்துக்குப் போவதென்று சின்ன வயதிலேயே முடிவு கட்டிவிட்டவர் அவர். அதற்காகவே பனியில் எழுந்து ஓடுவார். கையில் இருந்ததையெல்லாம் போட்டு வெள்ளை கேன்வாஸ் ஷூ ஒன்று வாங்கி, அழுக்காகிவிடும் என்று போட்டுக்கொள்ளாமல் அட்டைப் பெட்டியிலேயே வைத்திருந்தார்.

வீட்டில் நாங்கள் மூன்றே பேர். அப்பா குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார், பொங்கலுக்குத்தான் வருவார். அம்மா பிள்ளைத்தாய்ச்சி, வயிறு நன்றாக இறங்கிவிட்டது. எங்கள் ஊரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் முதலில் ரோடு வரைக்கும் நடக்க வேண்டும். பிறகு பஸ் வர வேண்டும். பஸ் வருவது பஸ்ஸின் இஷ்டம்.

மாமா சும்மா இருக்கிற ஆள் இல்லை. மேட்டுப் பாறையில் ஏறினால் செல்போனில் சிக்னல் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து பாதத்தைப் பற்றிய வீடியோக்களைத் தேடிப் பார்த்தார். பேசியது இந்தி, எங்கள் இருவருக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. படம் புரிந்தது. சின்னச் சின்ன எலும்புகள், கல் அடுக்கிக் கட்டிய பாலத்து வளைவுபோல் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. எலும்புகள் சேரும் ஒவ்வொரு இடத்தையும் வெள்ளை வெள்ளையாக நார்கள் இழுத்துக் கட்டியிருந்தன. “இதுதான் ஜவ்வு. நமக்கு இது லூசா இருக்குது. டைட் பண்ணிட்டா வேல முடிஞ்சிச்சி” என்றார் மாமா, சைக்கிள் செயினைச் சொல்வதைப்போல.

அன்று முதல் பயிற்சி. தரையில் புளியங்கொட்டைகளைப் பரப்பிக் கால்விரலாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடுவார். விரலை மடக்காமல் பாதத்தை மட்டும் உள்ளுக்கு இழுத்துப் பிடிப்பார். முகம் சிவந்து நெற்றியில் வேர்த்துவிடும். எனக்கு ஒன்பது வயது. நான்தான் டாக்டர். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி வைத்துக்கொண்டு, அவர் நிற்கும்போது உள்பக்கமாகப் பாதத்துக்கு அடியில் நுழைத்துப் பார்ப்பேன். நுழைந்தால் பாஸ்.

நுழையாது. ஆனால் பரண்மேல் எதையாவது எடுக்க அவர் நுனிக்காலில் எக்கினால் மட்டும் பாதம் அழகாக வளைந்துகொள்ளும். குச்சி என்ன, என் விரலே போகும். “பாரு பாரு, வந்துடுச்சி!” என்று மாமா கத்துவார். நான் கறாரான டாக்டர். “குதிகாலைத் தூக்கினா கணக்குல சேராது மாமா” என்று ஃபெயில் போட்டுவிடுவேன்.

அம்மா இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பாள். கொட்டை குறைந்தால் எடுத்து வந்து கொட்டுவாள். “நீ போய்ட்டு வாடா, நாங்க பாத்துக்கறோம்” என்று அடிக்கடி சொல்வாள். யாரும் கேட்காதபோதும் சொல்வாள்.

ஆளெடுப்பு நாளன்று மாமா ஷூவை மாட்டிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினார். பஸ் வளைவில் மறைந்த பிறகும் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றாள். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் மாமா திரும்பி வந்துவிட்டார்.

“இன்னாடா ஆச்சி?”

“காலு தட்டைன்னு தள்ளிட்டாங்கக்கா.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் உட்கார்ந்ததும் இரண்டு பாதத்திலும் பட்பட்டென்று அடித்தேன். “அடி, நல்லா போடு” என்று மாமா சிரித்தார். மாமா வாசலில் கழற்றிப் போட்ட ஷூவையே அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரமே, விடாத மழையில் அம்மாவுக்கு வலி எடுத்தது. கட்டிலோடு ரோடு வரைக்கும் தூக்கிப் போன நான்கு பேரில் சரிவுப் பக்கத்தைப் பிடித்தவர் மாமா. சேற்றில் மற்றவர்கள் வழுக்கினார்கள், அவர் வழுக்கவில்லை. புளி ஏற்றப் போன வண்டியை மறித்து அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தவரும் அவர்தான். தம்பி பிறந்தான். மாமா அதன் பிறகு பட்டாளப் பேச்சை எடுக்கவேயில்லை. இன்றைக்கு ஜமுனாமரத்தூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

நான் இப்போது பிசியோதெரபி படிக்கிறேன். போன மாதம் பாதத்து மூட்டுகளைப் பற்றிய வகுப்பு. ஜவ்வு சற்று இளகியிருப்பவர்களுக்கு நிற்கும்போது வளைவு அமுங்கும், நுனிக்காலில் நின்றால் எழும்பிவிடும், அது குறையே இல்லை என்றார் எங்கள் ஆசிரியை. பட்டாளத்து ஆளெடுப்பில்கூட நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பார்ப்பார்கள், வளைவு எழும்பினால் தள்ள மாட்டார்கள் என்று போகிறபோக்கில் சொன்னார். எனக்கு அதற்குமேல் பாடம் ஏறவில்லை.

வகுப்பு முடிந்ததும் மாமாவுக்குப் போன் போட்டேன். “அன்னிக்கு உன்ன நுனிக்கால்ல நிக்கச் சொன்னாங்களா இல்லியா?” என்றேன். “வண்டில ஆள் இருக்காங்க டாக்டரம்மா, அப்பறம் பேசறேன்” என்று வைத்துவிட்டார். எப்போதும் வண்டியில் ஆள் இல்லை என்று புலம்புகிறவர்.

அம்மாவிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. “அவன் வேலூருக்கே போவல. பாதி வழியில அமிர்தியில எறங்கிக் குந்தினு இருந்துட்டு அடுத்த பஸ்ல வந்துட்டான். மைதானத்துல ஓடினவன் ஷூ அப்பிடியா வெள்ளையா இருக்கும்? மறுநாளும் ஆளு எடுத்தாங்க. போடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போயிருப்பான். எனுக்கு வாய் வரல.”

மாமா திரும்பி வந்த அன்று அம்மாவுக்குப் பின்னாலேயே நானும் அடுப்பங்கரைக்குப் போனேன். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அவள் அழுதுகொண்டிருந்தாள். தன் தம்பிக்குப் பட்டாள வேலை கைநழுவிப் போய்விட்ட துக்கம் என்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொடுத்து, “அழாதம்மா, அடுத்த வருஷத்துக்குள்ள மாமா கால வளைச்சிடலாம், அப்பறம் கண்டிப்பா போயிடுவாரு” என்றேன். அம்மா இன்னும் அதிகமாக அழுதாள். நான் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதையே இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன்.